ஒரு கிணறு, இரண்டு மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை வடகரையில் என் சித்தப்பா மகன் முத்தையாவின் வயலுக்குப் போயிருந்தேன். ஒரு நெற்கதிரை உருவி, கசக்கி, என் உள்ளங்கையில் போட்டான். ஊதினேன். கையில் ஒரு மணிகூட நிற்கவில்லை. அத்தனையும் பதர்!

வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன் கணபதியின் வயல். அங்கே கதிர் தலைசாய்ந்து கிடக்கிறது. ஒரே விதை, ஒரே நாள் நடவு, ஒரே கிணறு... அப்புறம் ஏன் இப்படி?

இரண்டு வருடம் முன்பு வரை அந்தக் கிணற்றில் ஒரே மோட்டார்தான். பொதுவில். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை! 'என் முறைல அரைமணி கூட ஓட்டிட்டான்', 'பியூஸ் போனா நான்தான் போடணுமா?' – வாரம் தவறாமல் எனக்குப் போன் வரும். ஆனால் ஒன்று. முறை முடிந்தவன் மடையைத் திருப்பி, அடுத்தவன் வயலுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். திட்டிக்கொண்டேதான்... மோட்டார் புகைந்தால் இருவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு நான் இருக்கிற தென்காசிக்கு ஓடி வருவார்கள்.

பஞ்சாயத்து பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போனது. "ஏலே, ஆளுக்கொரு மோட்டார் போட்டுத் தொலைங்கலே!" என்றேன். பெரிய மேதாவி அல்லவா நான்! இன்னொரு கரண்ட் சர்வீசுக்கு எழுதிப்போட்டு, காத்திருந்து, அப்படியே செய்தார்கள். போன் வருவது நின்றது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இந்த மாசியில், கதிர் பால் பிடிக்கிற நேரம், முத்தையாவின் மோட்டாரில் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. கழற்றி, ரீவைண்டிங்குக்குக் கொடுத்து, திரும்ப மாட்டப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் பக்கத்துக் குழாயில் அண்ணனின் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாலே?"

"அது அவன் மோட்டார்லா அண்ணாச்சி. எந்த வாய வச்சிக் கேக்க?"

கோபமாகக் கணபதியிடம் போனேன். "கூடப்பொறந்தவன் பயிரு கண்ணு முன்னால காயுது. மடையத் திருப்பி விட ஒனக்குக் கை வரலியாலே?"

தலையைக் குனிந்துகொண்டான். "தெனமும் மம்பட்டியோட மடைக்கிட்டப் போயி நிப்பேன் அண்ணாச்சி. அவன் கேக்காம நானா விட்டா, 'எனக்குப் பிச்சை போடுதானோ'ன்னு நெனச்சிருவான்லா... இன்னைக்குக் கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

 

பொதுவில் கிடந்தவரை அது முறைத் தண்ணீர். ஆளுக்கொன்று ஆனதும் அதே தண்ணீர் உதவி ஆகிவிட்டது. உதவி என்றாலே கேட்பவனுக்கும் கூச்சம், கொடுப்பவனுக்கும் கூச்சம். நடுவில் கிடந்து காய்ந்தது பயிர். அந்த யோசனையைச் சொன்ன வாயை என்ன செய்ய?

உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி சண்டையா? விலக்கப் போகாதீர்கள், போட்டுக்கொள்ளட்டும்!