செருப்பை நேராக வைக்கிறவன்

ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வேலை பார்க்கும் ஜெயபாலனுக்குக் கொஞ்ச காலமாக யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சந்தேகப்படத்தான் அவருக்குச் சம்பளமே என்றாலும், இது அந்தச் சம்பளத்துக்குள் அடங்காத சந்தேகம். முன்பெல்லாம் தெரியாத காரை நிறுத்துவார், தெரிந்த காருக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார். இப்போது தெரிந்த காரைத்தான் உற்றுப் பார்க்கிறார். தினமும் கோப்பி வாங்கி வந்து தரும் நாலாம் மாடிச் சீனத்து அம்மாவிடம்கூட, இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று யோசித்தபடியேதான் கை நீட்டுகிறார்.

எல்லாம் அந்தக் கொரிய நாடகத்தால் வந்தது. மகள் தினேஸ்வரி தன் பழைய கைப்பேசியை அவரிடம் கொடுத்தபோது, அதற்குள் அது குடியிருந்தது. கடலோர ஊரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொலை. கீழே மலாயில் எழுத்து ஓடும். பெயர்கள்தான் நாக்கில் நிற்கவில்லை, பாதிப் பேர் கிம், மீதிப் பேர் பார்க். அதனால் சுங்கை சிப்புட் பக்கம் தான் பிறந்த ரப்பர் தோட்டத்திலிருந்து அவர்களுக்குப் பதில் ஆட்களை இறக்கிக்கொண்டார். எந்நேரமும் கத்தும் போலீஸ் மேலதிகாரி, கூலிகளை விரட்டும் மண்டோர். கண்ணாடி போட்ட வக்கீல் பெண், தோட்டத்துக் கணக்கர் வீட்டுக் கிராணியம்மா. துப்பறியும் வயசாளிக்கு மட்டும் மரியாதையாகப் பெரியவர். ஊரே கும்பிடும் ஒரு பல் டாக்டரும் இருந்தான். அவன்தான் கொலைகாரன் என்று ஜெயபாலன் ஆரம்பத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் அவன் செருப்பைக் கழற்றி, ஜோடியாக, நேராகச் சுவரோடு வைத்தான். அது போதாதா?

ஆனால் அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டது கொலை இல்லை, பெரியவர். பெரியவருக்கு மகளோடு பேச வராது. மத்தியானம் போன் போட்டு, சாப்பிட்டியா என்பார். அவள் ம் என்பாள். வைத்துவிடுவார். பிறகு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளினிக்கில் வேலை செய்யும் தினேஸ்வரிக்கு ஜெயபாலன் போடும் போனும் அச்சு அசல் அதேதான். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் ஜாகா கூண்டின் ஜன்னல் சாத்திக்கொள்ளும், கட்டை தானாக மேலே போய்விடும். அந்த நேரம் கொலைகாரனே லோரி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாலும் உள்ளே போயிருக்கலாம்.

பெரியவரின் விசாரணையும் தனி ரகம். அடி உதை கிடையாது. பிடிபட்டவன் முன்னால் ஆவி பறக்கும் சூப்பை வைத்து, மொதல்ல சாப்பிடு என்பார். அவன் குடிப்பான், அழுவான், எல்லாவற்றையும் கக்கிவிடுவான்.

இந்த நிலைமையில்தான் விக்னேஸ்வரன் பெண் பார்க்க வந்தான். ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்காரன், தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை. தினேஸ்வரிக்குப் பிடித்த பையன். ஜெயபாலனின் மனைவி புஷ்பலதாவுக்கு அவளைவிடப் பிடித்துவிட்டது. பையன் வாசலில் செருப்பைக் கழற்றினான். குனிந்தான். ஜோடியாக, நேராக, சுவரோடு வைத்தான். அதோடு விட்டானா, கோணலாகக் கிடந்த ஜெயபாலனின் செருப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஜெயபாலனுக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்துவிட்டான்.

அன்றைக்குக் கூட வந்த பையனின் தாயார் தேநீர் மட்டும் குடித்தார். புஷ்பலதா சாப்பிடச் சொன்னதற்கு, பேச்சு முடியட்டும் அக்கா, அப்புறம் கை நனைக்கிறோம் என்றார். முறை அதுதான். பேசி முடிக்காத வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஜெயபாலன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புஷ்பலதா காரணம் கேட்டதற்கு, "ரொம்ப நல்லவனா இருக்கான்லா, அதான் யோசிக்கிறேன்" என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தினேஸ்வரி மத்தியானப் போனை எடுக்காமல் விட்டாள். மறுநாளும் எடுக்கவில்லை. கூண்டுக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெரியவருக்குக்கூட இப்படி ஆனதில்லை.

இதை முடித்துவிட வேண்டும் என்று எழுந்தார் ஜெயபாலன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பையனை மட்டும் வரச் சொல், கோழிப் பெரட்டல் வை என்றார். புஷ்பலதாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. சோறா, நம் வீட்டிலா என்று இரண்டு தடவை கேட்டாள். "வயிறு நெறையணும். அப்பத்தான் மனசத் தெறப்பான்" என்றார் அவர். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தது எதற்கென்று துப்பறிவாளருக்கு விளங்கவில்லை.

பையன் வந்தான். செருப்பு, அதே மாதிரி. இலை போட்டு, ஜெயபாலன் தன் கையாலேயே சோறு வைத்தார். அவன் இலையைப் பார்த்தான். அடுப்படி வாசலில் நின்ற தினேஸ்வரியைப் பார்த்தான். கை மட்டும் மடியிலேயே இருந்தது.

தயங்குகிறான். குற்றமுள்ள நெஞ்சு. ஜெயபாலன் முழங்கைகளை ஊன்றி, பெரியவர் மாதிரியே தலையைச் சாய்த்தார்.

"மொதல்ல சாப்பிடு தம்பி."

"அங்கிள், நெஜமாவே சாப்பிடலாமா?"

"சாப்பிடு."

விக்னேஸ்வரன் சோற்றில் கை வைத்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. இரண்டு வாய் உள்ளே போனதும் பையனின் கண் கலங்கியது. ஜெயபாலன் இன்னும் முன்னால் சாய்ந்தார். பெரியவரின் சூப்பு வேலை செய்கிறது.

"அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்."

"சொல்லு."

"அந்தக் கொரியா நாடகம்... நான் கடைசி வரைக்கும் பார்த்துட்டேன்."

அப்பாவிடம் பேச அது ஒன்றுதான் வழி என்று தினேஸ்வரிதான் பார்க்கச் சொன்னாளாம். கடமைக்கு ஆரம்பித்தவன், அந்த வயசாளி மகளுக்குப் போன் போடும் இடத்தில் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து அழுதுவிட்டானாம். கூட்டாளிகளிடம் சம்பல் காரம் என்று சமாளித்தானாம்.

ஜெயபாலன் விசாரணையை மறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருலா கொலைகாரன்? பல்லு டாக்டர்தானே?"

"சொல்ல மாட்டேன் அங்கிள். சொல்லிட்டா கடைசியில உங்களுக்கு அழுகை வராது."

"இவரு அழுவாரா?" என்று அடுப்படியிலிருந்து புஷ்பலதாவின் குரல் வந்தது. ஜெயபாலன் அப்பளத்தை உடைத்தார். இன்னொரு கரண்டி பெரட்டலைப் போட்டு மறுபடியும் கேட்டுப் பார்த்தார். பையன் பெரட்டலைச் சாப்பிட்டான், வாயைத் திறக்கவில்லை. மண்டோரே வந்து கத்தினாலும் இவன் சொல்ல மாட்டான் போலிருந்தது. ரகசியம் காக்கத் தெரிந்தவன் என்று ஜெயபாலன் மனசுக்குள் குறித்துக்கொண்டார். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"செருப்ப ஏன் நேரா வைக்கிற?"

"வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும் அங்கிள். செவுத்தோட வச்சாத்தான் தப்பிக்கும். அப்படியே பழகிப்போச்சு."

அப்போதுதான் புஷ்பலதா போனில் பையனின் தாயாரிடம் பேசுவது காதில் விழுந்தது. ஆமாம் அக்கா, அவரே கூப்பிட்டு அவர் கையாலேயே போட்டார், தம்பி இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார், கை நனைந்தாச்சு.

கை நனைந்தாச்சு. ஜெயபாலன் பையனின் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் நனைந்திருந்தது. விலங்கு மாட்டியது யார் கையில் என்பது மெல்ல விளங்கியது. இது விசாரணை, விருந்து இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தினேஸ்வரி ரசத்தோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு ரசம் ஊத்தவா?"

திறந்த வாயால், "ம்" என்றார்.

மறுநாள் மத்தியானம். கூண்டின் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கடைசிப் பாகத்தைப் போட்டார். மழை. இருட்டு வீடு. பெரியவர் துப்பாக்கியோடு படியேறுகிறார். கதவுக்குப் பின்னால்தான் அவன் நிற்கிறான். கைப்பிடி திரும்புகிறது, கதவு திறக்கிறது. திரை முழுக்க தினேஸ்வரியின் பெயர் வந்து நின்று மணி அடித்தது. வழக்கமாக இவர்தான் போடுவார். அவள் போட்டதே கிடையாது.

"அப்பா, சாப்டாச்சா?"

"ம்."

வழக்கப்படி வைத்துவிட விரல் போனது. ஜெயபாலன் விரலை மடக்கிக்கொண்டார். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது.

"நீ என்ன சாப்பிட்ட?" என்றார். "சொல்லு, நேரம் இருக்கு." கொலைகாரன் எங்கே ஓடிவிடப் போகிறான், கதவுக்குப் பின்னால்தானே நிற்கிறான்.