கப்பலில் கழட்டி வைத்த கொலுசு

விழுப்புரத்தில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பம்புசெட் கடையில், கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கப்பலின் மேல்தளத்தில் நாற்பது பேர் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ. இரண்டாவது வரிசையில், இடது ஓரத்தில் அவர். பக்கத்தில் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. அதைக் கழட்டச் சொல்லி மூன்று தடவை சண்டை போட்டேன். "கம்பெனிக்காரன் மாசாமாசம் கடைக்கு வர்றான். போட்டோ எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்பார். கம்பெனிக்காரனுக்கு என்ன வந்தது? அவன் டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவள் நான்தானே.

அந்த வருஷம் மோட்டார் நிறைய விற்ற டீலர்களையெல்லாம் கம்பெனி குடும்பத்தோடு கப்பலில் கூட்டிக்கொண்டு போனது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் அங்கேயே வந்து இறங்க வேண்டும். சேதி கேட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான்தான் பயந்தேன். பாப்பாவுக்கு அப்போது ஒன்றேமுக்கால் வயசு. நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவள் நடந்ததே கிடையாது, ஓட்டம்தான். கையை விட்டால் ஆள் இருக்க மாட்டாள்.

"சுத்திலும் தண்ணிங்க. இத இட்டுக்கினு போயி நான் எப்படிச் சமாளிப்பேன்?"

"பள்ளிக்கூடத்துல அறுபது புள்ளைங்கள மேய்க்கற. ஒரு புள்ளைய மேய்க்க மாட்டியா?" என்றார் அவர்.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் வகுப்பில் நுழைந்தால் மூச்சுச் சத்தம் கேட்காது என்று பெயர். அந்தப் பெருமையில்தான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கொலுசைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் வீடு இருக்கும் சந்து நேராகப் போய் பைபாஸ் ரோட்டில் முட்டும். ஒருநாள் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாப்பா சந்து முனைக்கே போய்விட்டாள். அங்கே என் தம்பியின் பஞ்சர் கடை இருக்கிறது. அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை அள்ளியிருக்கிறான். அள்ளிய பிறகுதான் லாரி கடந்து போனதாம். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிவந்தான். காலுக்குப் பத்துப் பத்து சலங்கை. பாப்பா ஓரடி வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்டது.

"இன்னாடா இது, கொலுசா, காளமாட்டுக்குக் கட்ற சலங்கையா?" என்று கேட்டேன்.

"மாடு தொலையக் கூடாதுன்னுதானக்கா கட்றாங்க. தாய்மாமன் போட்டது, கழட்டாத" என்றான்.

அன்றிலிருந்து எனக்குப் பாதி வேலை மிச்சம். சமையற்கட்டில் நின்றுகொண்டே அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறாளா, வாசற்படியில் இருக்கிறாளா என்று காதாலேயே பார்த்துக்கொள்வேன். குளிப்பாட்டும்போது மட்டும் கழட்டுவேன். துடைத்து பவுடர் போட்டதும் கொலுசை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து எதிரில் தொப்பென்று உட்கார்ந்து, "காலு" என்று ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைப்பாள். ஒன்றை மாட்டித் திருகாணியை முடுக்கியதும் அடுத்த கால் வரும்.

கேப்பை மாவு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை உருண்டை, ஜுர மருந்து என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கப்பல் என்றால் கப்பலா அது! தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் கண்ணாடி. முதல் நாள் மத்தியானமே சாப்பாட்டுக் கூடத்தில் என் மானம் போயிற்று. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் கரண்டிச் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அதற்கு நடுவில் என் மகள் ஜல் ஜல் என்று மேசை மேசையாக ஓடினாள். எல்லாத் தலையும் திரும்பியது. பக்கத்து மேசையில் ஒரு டீலர் மனைவி, மெட்ராஸ்காரம்மா, வாயைத் துடைத்துக்கொண்டே, "எங்க ஊர் மாட்டுப் பொங்கல் ஞாபகம் வருது" என்று சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் கேலிக்குச் சொன்னாளோ ஆசையாகச் சொன்னாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதே பேச்சைத் தம்பியிடம் நானே பேசியவள்தான். ஆனால் அடுத்தவர் வாயால் கேட்டதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக எங்கள் அறைக்குப் போனேன். இரண்டு கொலுசையும் கழட்டிக் கைப்பையின் ஓரத்து ஜிப்பில் போட்டு இழுத்து மூடினேன். "காலு, காலு" என்று அழுதாள். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்ததும் மறந்துவிட்டாள். அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை. மற்ற டீலர்களோடு பேசிக்கொண்டு ஊர்ப்பட்ட சந்தோஷத்தில் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம், வெயில் இறங்காத நேரம், போட்டோ எடுக்க எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார்கள். காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் நீச்சல் குளம், இரண்டு பக்கமும் கம்பி, அதற்கு அந்தாண்டை வெறும் கடல். போட்டோ எடுப்பவர் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, "குழந்தைங்களக் கொஞ்சம் ஓரமா விட்ருங்க, டீலருங்களும் மேடமுங்களும் மட்டும்" என்றார். பாப்பாவை எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி ஓரமாக நிறுத்தி, கையில் மல்லாட்டை உருண்டை ஒன்றைக் கொடுத்தேன். "இங்கயே நில்லுடி தங்கம். அம்மா ஜல்தியா வந்துடறேன்" என்றேன். இரண்டடிதான் தூரம்.

தொப்பியை மாட்டிக்கொண்டேன். சிரிங்க என்றார், சிரித்தேன். இன்னும் ஒண்ணு என்றார். அதற்கும் சிரித்தேன். மூன்றாவதற்கு யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று நான்காவதும் எடுத்தார். திரும்பினேன். நாற்காலி இருந்தது, பாப்பா இல்லை.

"இங்கதான் எங்கனா இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தார். நான் குளத்துக்கு ஓடினேன். தண்ணீரில் யாரும் இல்லை. அடித்தரை வரைக்கும் தெரிந்தது, ஒன்றும் இல்லை. அப்புறம் கம்பியிடம் ஓடினேன். கம்பிக்குக் கீழ்ப்பாதி முழுக்கக் கண்ணாடி அடைத்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மண்டியிட்டு அதில் என் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. அவள் தலை போகுமா? எத்தனை தடவை எண்ணெய் தேய்த்த தலை, அதன் அளவு அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. சந்து வழியாகக் கீழே பார்த்தேன். எங்கோ அடியில் வெள்ளையாக நுரை ஓடிக்கொண்டிருந்தது.

அங்காளம்மா, தாயே என்று கத்திவிட்டேன். அதன் பிறகுதான் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். இவர் ஒரு பக்கம், கம்பெனி மேனேஜர் ஒரு பக்கம். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் வந்து, குழந்தை என்ன கலர் டிரெஸ் என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்கு ஞாபகம் வரவில்லை. பாவி, காலையில் நான்தான் போட்டுவிட்டேன்! வாயில் வந்ததைச் சொன்னேன். "கொலுசு போட்டிருக்கும், சத்தம் கேக்கும், சத்தம் கேக்கும்" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கையிலிருந்த கருவியில் பேசிக்கொண்டே ஓடினாள்.

நானும் ஓடினேன். ஓடும்போதே ஜல் என்று கேட்டது. நின்றேன். நின்றதும் சத்தம் நின்றுபோனது. மறுபடி ஓடினேன், மறுபடியும் ஜல் ஜல். இந்தப் பக்கம்தான் என்று குளத்தைச் சுற்றி ஓடினேன். சத்தம் விடாமல் கூடவே வந்தது. கிட்டத்தில், ரொம்பக் கிட்டத்தில், என் இடுப்பில் கேட்டது.

தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தேன். கொலுசை வெளியே எடுத்ததும், சுற்றி ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு வெறியே வந்துவிட்டது.

"எல்லாரும் வாய மூடுங்க!"

மேனேஜரும் வாயை மூடினார். மெட்ராஸ்காரம்மாவும் மூடினாள். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

கொலுசை உயரத் தூக்கிப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். காற்றுச் சத்தம்தான் பதிலுக்கு வந்தது. நாலு அடி நடந்தேன், ஆட்டினேன். "குளிச்சாச்சு, பவுடர் போட்டாச்சு, காலு எங்கடி தங்கம், காலு எங்க?" என்று வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன். இன்னும் நாலு அடி. சாய்வு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று மறுபடி ஆட்டினேன்.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது.

பிறகு இன்னொரு கால். அப்புறம் முழுசாக அவள், கன்னமெல்லாம் வெல்லமும் மல்லாட்டையும் அப்பிக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, கொலுசைத்தான் பார்த்தாள். தொப்பென்று உட்கார்ந்து காலைத் தூக்கி, "காலு" என்றாள்.

அள்ளிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கொலுசை மாட்டாமல் இந்த அம்மா எதற்கு அழுகிறாள் என்று அவள் என்னை உதைத்தாள். அதற்குள் இவர் மூச்சிரைக்க ஓடிவந்து, தார்ப்பாயையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வாட்டி இதத் தாண்டித்தான் ஓடினேன். சத்தத்தையே கேட்டுக்கினு ஓடினேன். சத்தம் வரல, இங்க இல்லன்னுட்டு குனிஞ்சுகூடப் பாக்கல" என்றார். அப்புறம்தான் என் கையில் இருந்ததைப் பார்த்தார். "எப்பக் கழட்டுன?"

"நேத்து மத்தியானம்."

"ஏன்?"

சலங்கை எங்கேயோ மாட்டிக்கொண்டது, தோல் சிவந்துபோனது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "அசிங்கமா இருந்துச்சு" என்றேன்.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அழுது முடித்திருப்பேன். அவரோ என் கையிலிருந்து கொலுசை வாங்கி, கீழே உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் மாட்டித் திருகாணியை முடுக்கினார். மோட்டார் நட்டு முடுக்குகிற விரல். அன்றைக்கு மூன்று தடவை நழுவியது. பத்து நிமிஷம்தான் ஆச்சு, ஆண்டவன் புண்ணியம் என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார். பத்து நிமிஷமாம்!

அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் பாப்பா ஜல் ஜல் என்று ஓடினாள். ஓடட்டும் என்று விட்டேன். ஆனால் அறைக்கு வந்ததும் என் முந்தானையை அவள் இடுப்பில் முடிந்துகொண்டுதான் படுத்தேன். ஊருக்கு வந்து இறங்கியதும் தம்பி பைபாஸிலேயே காத்திருந்தான். "கப்பல் எப்படிக்கா இருந்துச்சு? கொலுசு எதுனா பேஜாரு பண்ணிச்சா?" என்று கேட்டான். இல்லைடா என்றேன். நடந்ததை இன்று வரை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து கம்பெனி அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டு அனுப்பியது. நாலில் எதை எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதில் நான் சிரிக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் விழுப்புரம் கடைக்குப் போயிருந்தோம். பாப்பாவுக்கு இப்போது நாலு வயசு. மோட்டார் பெட்டிமேல் ஏறி நின்று, அந்தப் போட்டோவை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். விரலை வைத்து, "இது அப்பா. இது அம்மா" என்றாள். ஒவ்வொரு வரிசையாக விரலை நகர்த்திக்கொண்டே போனாள். கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"நான் எங்கம்மா?"

அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான்தான் இல்லியே. நீ ஏம்மா சிரிக்கற?"

"தெரியாம சிரிச்சுட்டேன்டி" என்றேன்.

அவர் நோட்டை மூடிவிட்டு, உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்து போட்டோவுக்குக் கீழே போட்டார்.