ரசமட்டத்தில் நின்ற மழை

ஊருக்கு நல்லது சொல்லப் போகும் வேலைக்குப் படிப்பு வேண்டாம், முதலீடு வேண்டாம். ஒரு தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது வந்து திட்டிவிட்டுப் போவார்கள். மரம் நடுங்கள், குப்பையைப் பிரியுங்கள், மழைத்தண்ணீரை வீணாக விடாதீர்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பட்டறையில் எனக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட். காலையில் வெளியே வந்தால் ஊரே குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு எதிரே வரும். நான் ஒருவன் மட்டும் நேற்றைய மனிதனாக ரயிலைப் பிடிக்கப் போய்க்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் தூக்கம் வராது, ஏதோ ஒரு விசனம்தான் வரும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த பத்திரிகைகளைப் படித்துத்தான் மண்புழுவையும் நிலத்தடி நீரையும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதே ஷிப்டில் வேலை செய்யும் முனுசாமியையும் கூட்டிக்கொண்டு ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

அமேசான் காடு

முதலில் எங்களிடம் அகப்பட்டது சேக்காட்டில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, அமேசான் காடு அழிவதையும் வடதுருவத்தில் பனி உருகுவதையும் பற்றிப் பேசினேன். முனுசாமி பக்கத்தில் நின்று, நான் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் தலையை ஆட்டினான். கைதட்டல் பிரமாதம். வகுப்புக்குப் போகலாம் என்றதற்கான கைதட்டல் என்று பிறகுதான் தெரிந்தது.

தலைமை ஆசிரியை ராஜேஸ்வரி டீச்சர் டீ கொடுத்துவிட்டு எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே பெரிய உறைகிணறு. உள்ளே எட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை, குப்பை விளிம்பு வரை வந்திருந்தது. தெருவே அதில்தான் கொட்டியது. கைப்பம்ப் அடித்தால் இருமல் சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் இல்லாததால் மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறார்கள். தீபாவளி கழித்து வருவேன், அதற்குள் தண்ணீருக்கு வழி பண்ணாவிட்டால் எட்டாம் வகுப்பை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு மாற்றிவிடுவேன் என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டாராம். எட்டாம் வகுப்பில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். தண்டவாளம் தாண்டி அனுப்ப மாட்டோம், ஏழாவதோடு போதும் என்று வீடுகளில் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் கிணற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"அமேசான் காட்டைப் பத்தி அழகாப் பேசினீங்க தம்பி. அது இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். எங்க எட்டாங்கிளாஸ் தீபாவளி வரைக்கும்தான் தாங்கும்."

முருங்கைக்காய்

கிணற்றைத் தூர் வாருவதற்கு முன்னால் குப்பை உள்ளே விழுவது நிற்க வேண்டும். பத்திரிகைப் படிப்பின்படி, மக்கும் குப்பைக்கு ஒரு குழி வெட்டினோம். நாளைக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து சமையல்கட்டுக் குப்பை கொண்டு வர வேண்டும், காய்கறியிலிருந்து வருவதுதான் நல்ல குப்பை என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அந்தத் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. காய்த்தோல், அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாம் வீட்டு வாசலில் ஒரு பானையில் சேர்ந்து, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி எருமை வைத்திருக்கும் சரோஜாவின் தொட்டிக்குப் போய்விடும். வீட்டில் சமையல்கட்டுக் குப்பை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் சார் சொன்னதைச் செய்யாமல் வந்தால் என்ன மரியாதை? மறுநாள் காலை பிள்ளைகள் குழியைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். ஒரு பையன் கையில் முழுப் புடலங்காய். ஒருத்தி பாவாடை நிறைய வெண்டைக்காய். தக்காளி, சேப்பங்கிழங்கு, அரைப் பறங்கிக்காய். முனுசாமி என் காதில், "அண்ணாத்தே, சாம்பாருக்கு பருப்பு மட்டும்தான் பாக்கி" என்றான்.

தாய்மார்கள் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. சரோஜாவும் வந்தாள், தன் எருமையின் பங்கில் எவனோ கை வைக்கிறான் என்று கேள்விப்பட்டு. முதலில் பேசியது, சரோஜாவுக்கு எதிர்வீட்டுப் பாக்கியம். என் முகத்துக்கு நேரே இரண்டு முருங்கைக்காயை நீட்டினாள்:

"இத்த குப்பைன்னு நீதான் சொன்னியாமே. கொழம்பு கூட்டி அடுப்புல வச்சிட்டு தேடிகினு கீறேன். சொல்லு, இப்ப நான் இன்னாத்த போடறது, உன் விரலையா?"

எந்தக் கொடியும் இல்லாத நிறம்

எருமை தின்னாத குப்பைக்கு, அதாவது பிளாஸ்டிக் பை, உடைந்த சாமான், சாம்பல், எச்சில் இலைக்கு, தெருவில் டிரம் வைப்பது என்று முடிவானது. பட்டறையில் கேட்டு வாங்கிய காலி எண்ணெய் டிரம்களை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தோம். அழகாக இருக்கட்டுமே என்று, மிச்சம் கிடந்த இரண்டு வண்ணங்களை மேலும் கீழுமாக அடித்தோம். எந்த வண்ணங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தெருவுக்கு நான் இன்னும் போக வேண்டியிருக்கிறது. சாயந்திரத்துக்குள் ஒரு கட்சிக்காரர்கள் வந்து, "எங்க கொடியில எச்சில் எலைய போடுவியா?" என்று கேட்டார்கள். நியாயம்தான். சுரண்டிவிட்டு வேறு இரண்டு வண்ணம் அடித்தோம். மறுநாள் வேறு ஆட்கள், அதே கேள்வி.

வம்பே வேண்டாம் என்று முழுக்க மஞ்சள் அடித்தோம். இந்தத் தடவை யாரும் சண்டைக்கு வரவில்லை. குப்பையும் வரவில்லை. போய்ப் பார்த்தால் டிரம்முக்குக் குங்குமம் வைத்து, வாயில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகியிருந்தார்கள். ஒரு டிரம் முன்னால் எலுமிச்சம்பழம்கூட இருந்தது. முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டான்.

கடைசியில் வண்ணத்தையெல்லாம் கொளுத்தி எரித்துவிட்டு, வெறும் துருப்பிடித்த தகரமாக வைத்தோம். தயங்கித் தயங்கி முதல் குப்பை விழுந்தது. முதல் நாள் சண்டைக்கு வந்த வட்டச் செயலாளர் சைக்கிளை நிறுத்தி, டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"துரு கலர்ல இன்னும் எவனும் கொடி ஏத்தல நைனா. ஏத்தறதுக்குள்ள சீக்கிரம் ரொப்பிக்கோ."

குண்டான்

பிறகு கிணறு. பட்டறை நண்பர்கள் சிலர் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, உள்ளே இறங்கிக் கூடை கூடையாக மேலே அனுப்பினார்கள். தெருவே வேலைக்குப் போகாமல் சுற்றி நின்றது, தேர் பார்க்கிற மாதிரி. மேலே வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஒற்றைச் செருப்புகள். பள்ளிக்கூட மணி. டீச்சரின் பிரம்புகள், ஒரு கட்டாக. அவற்றைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பையன்கள் வானத்தை ஆராய்ந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு அலுமினியக் குண்டான் வந்தது. கூட்டம் முழுக்க சரோஜா பக்கம் திரும்பியது. சரோஜாவின் குண்டான் அது. பல வருஷங்களுக்கு முன் காணாமல் போனது. பாக்கியம்தான் எடுத்தாள் என்று சரோஜா சொல்லி, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கல்யாணம் காது குத்தல் எதிலும் இவள் வந்தால் அவள் போக மாட்டாள். குண்டானுக்குள் இன்னும் சாம்பல் அடைத்துக்கொண்டிருந்தது. சாம்பல் கொட்டப் போனபோது சரோஜாவே குண்டானோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறாள்.

சரோஜா குண்டானைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், எங்களைக்கூடப் பார்த்தாள். பாக்கியம் நிதானமாக வந்து குண்டானை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்:

"இந்தா உன் சொத்து. நல்லா தேய்ச்சி கழுவி, கஞ்சி காச்சி, எனக்கு ஒரு சொம்பு ஊத்து. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் குடிச்சிட்டு பாத்துக்கலாம்."

குமிழி நடுவில்

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் கிணற்றடிக்கு மாறி மாறிக் காவல் இருந்ததில், ஒரு வெற்றிலைக் காம்புகூட உள்ளே விழவில்லை. அடியில் மண் ஈரமாகத் தெரிந்தது. இனி மழைதான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நீளமான ஓட்டுக்கூரை. அதன் ஓரம் முழுக்க ஒரு தகர வாய்க்கால் கட்டி, கிணற்றுப் பக்கத்து முனையில் குழாய் வைத்து, கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் இறக்குவது என்று திட்டம்.

தகடு வளைப்பது எங்கள் குலத்தொழில் அல்லவா? ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள். எங்கள் பட்டறையில் ஒரு மெஷினை உட்கார வைப்பது என்றால் பூஜை மாதிரி. ரசமட்டத்தை மேலே வைத்து, அதற்குள் இருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும் வரை யாரும் மூச்சு விட மாட்டோம். கால் முடி அகலம் சாய்ந்தாலும் அவமானம். அந்தப் பக்தியோடுதான் வாய்க்காலையும் மாட்டினோம். முனுசாமி முழத்துக்கு முழம் ரசமட்டம் வைத்தான். குமிழி நடுவில். நான் ஏறிப் பார்த்தேன். குமிழி நடுவில். டீச்சரையும் ஸ்டூல் மேல் ஏறிப் பார்க்கச் சொன்னோம். அவர் தமிழ் டீச்சர். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். முனுசாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு:

"உள்ளார ஒரு கோலிகுண்ட வுட்டுப் பாருங்க டீச்சர். வுட்ட எடத்துலயே நிக்கும். சாமி சத்தியமா நவுராது."

அதிகாரி வந்த நாள்

தீபாவளி கழிந்தது. ஒரு காலையில் அதிகாரி வந்தார், பின்னாலேயே மழையும் வந்தது. இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று நான் பூரித்துப் போய் நின்றேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் தாழ்வாரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு என்ன முடிவாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கூரையிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. விழுந்து, நின்றது. எந்தப் பக்கம் போவது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே. கோயில் குளம் மாதிரி சமமாக நிரம்பியது, பிறகு நீளம் முழுக்க ஒரே சமயத்தில் முன்பக்கம் வழிந்தது. கிணற்றுக்குப் போகும் குழாயில் மட்டும் சளி பிடித்த மூக்கு மாதிரி சொட்டுச் சொட்டாக ஒழுகிற்று. அதிகாரி குடையோடு கிணற்றடிக்கே போய், குழாயைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "இதுதான் ஏற்பாடா?" என்று கேட்டார். ராஜேஸ்வரி டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். தாழ்வாரத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "முனுசாமி, சாய்டா அதை" என்று கத்தினேன். "மட்டம் போயிரும் அண்ணாத்தே" என்றான் அவன், உண்மையான வேதனையோடு. பாக்கியம் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினாள். "மட்டத்த எடுத்துகினு போய் உன் கம்பெனில வையி." எட்டாம் வகுப்புப் பெண்கள் பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். பாக்கியமும் முனுசாமியும் கிணற்றுப் பக்கத்து நட்டைத் தளர்த்த, மறுமுனையில் சரோஜா எருமை கட்டும் கழியைக் கொடுத்து மேலே நெம்பினாள். "அந்தாண்ட எறக்கு. இந்தாண்ட தூக்குறேன். மெதுவா, மெதுவாடா பாவி."

மெதுவாக எல்லாம் நடக்கவில்லை. வாய்க்கால் ஒரே குலுக்கில் சாய்ந்தது. அதில் தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் திரண்டு ஓடி வந்து, பாதி குழாய்க்குள்ளும் பாதி அதிகாரி மேலும் விழுந்தது. குடை பிய்ந்து பறந்தது. பிறகு கிணற்றின் ஆழத்திலிருந்து, தண்ணீர் விழுகிற சத்தம் கடகடவென்று மேலே வந்தது. முதலில் அழுத பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியாது.

அதிகாரி தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க உலர்ந்த துணி எதுவும் இல்லாமல், மறுபடியும் மாட்டிக்கொண்டார்:

"எட்டாங்கிளாஸ் இங்கேயே இருக்கட்டும் டீச்சர். கிணத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு கோடையில வந்து பார்க்கிறேன். இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல."

இத்தனை வருஷம் இந்த வேலையில் உழன்று நான் கண்டது, ஊர் திருந்துகிறதோ இல்லையோ, திருத்தப் போனவனை அது சும்மா விடாது என்பதுதான்.