போட்டதும் போட்டுதும்

பைசருக்கு எங்களிடையே சந்தேகப் பிறவி என்று பெயர். தேநீர் கொடுத்தால்கூட எத்தனை வோல்ட் என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார் என்று பகிடி பண்ணுவோம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் ரேடியோ திருத்தப் பழகியவர், திரும்பி வந்து மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை போட்டார். சிப்பைப் போர்டிலிருந்து கழற்றாமலே அதில் பதிந்திருப்பதைப் படிக்கிற கருவி ஒன்று வைத்திருந்தார். அதை மாட்டுமுன் ஒரு கேள்வி கட்டாயம்: போர்டுக்குள் சொந்தக் கரண்ட் இருக்கிறதா? இருந்தால் கருவியின் கரண்டை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் கருவியே கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் சிப் கருகிவிடும்.

விடத்தல்தீவிலிருந்து றஞ்சிதா வந்தாள். அவளுடைய புருஷன் மில்ரனின் படகு ஆளில்லாமல் மிதந்து கிடைத்திருந்தது. அதிலிருந்த ஜிபிஎஸ் உப்புத் தண்ணி குடித்துச் செத்துப்போயிருந்தது. படகு போன வழியெல்லாம் அதன் சிப்பில் இருக்கும். அது தெரிந்தால் மில்ரனை எங்கே தேடுவதென்று தெரியும். ஊர்ப் படகுகள் அதற்காகவே காத்து நின்றன.

"உள் பற்றரி என்ன மாதிரி, தங்கச்சி?"

"அது போன மாசம் போட்டது, நானா."

அழுதழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பைசரின் காதில் 'போட்டுது' என்று விழுந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் போய்விட்டது, வேலை செய்யாது என்று அர்த்தம். பற்றரியை மூடியிருந்த தகட்டைப் பெயர்த்துப் பார்த்திருக்கலாம். துருப்பிடித்த தகடு, பெயர்த்தால் சிப்புக்குச் சேதம் வருமென்று பயந்தார். அந்தப் பயமும் நியாயம்தான்.

கருவியை மூன்று தசம் மூன்று வோல்ட்டில் வைத்தார். கரண்டைக் கருவியே கொடுக்கட்டும் என்று மாற்றினார். பிஸ்மி சொல்லி அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை, கருகல் மணம்தான் வந்தது. பதறித் தகட்டைப் பெயர்த்தார். உள்ளே புத்தம் புதுப் பற்றரி.

"போட்டுதெண்டு சொன்னீங்களே!"

"ஓம் நானா, அவர்தான் புதுசு வாங்கிப் போட்டவர்."

பைசர் கதிரையில் இருந்துவிட்டார். "தங்கச்சி, சிப்பை எரிச்சுப்போட்டன். இனி ஒண்டும் எடுக்க ஏலாது" என்றார்.

அவளுக்கு அது விளங்கினதா தெரியவில்லை. அவளுடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு அதை அப்படியே அவரிடம் நீட்டினாள்.

"படகுக்காரர் வெளிக்கிட்டு நிக்கினம், நானா. எந்தப் பக்கம் எண்டு கேக்கினம்."