பார்த்து எழுதியவள்

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அங்கே ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அம்மா இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவர். அவளைப் பற்றி எழுத நினைத்துப் பலமுறை தள்ளிப்போட்டிருக்கிறேன். அவளைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் ஒன்றும் இருக்காது. தலைப்புக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்பில் கோடு போட்டிருப்பாள். மற்ற பிள்ளைகளிடம் அவள் நோட்டைக் காட்டி, இப்படி எழுதக் கூடாதா என்று நானே திட்டியிருக்கிறேன். அதிகாரிகள் பார்வையிட வந்தால் நாங்கள் முதலில் எடுத்து நீட்டுவது அவள் நோட்டைத்தான்.

அப்படி ஒருநாள் ஓர் அதிகாரி வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஒரு பக்கத்தைத் திறந்து அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தார். அவள் எழுந்து நின்று நோட்டைப் பார்த்தபடி தடங்கலில்லாமல் சொன்னாள். அவர் திறந்து கொடுத்தது வளிமண்டல அடுக்குகள். அவள் சொன்னது, தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது என்பதன் விடை. வகுப்பே சேர்ந்து ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கு மனப்பாடமாகியிருந்த விடை அது. அதிகாரி நிமிராமலே வெரி குட் என்றார். அவள் உட்காரும்போது என்னைப் பார்த்தாள். நான் கவனித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மதிய இடைவேளையில் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினாள். பிறகு சொன்னாள்:

"வாசிக்க வராது டீச்சர். பாத்து எழுதத்தான் வரும்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றதைச் சொன்னாள். அவள் படித்த தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். போர்டில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குத் திரும்பிவிடுவார். இவள் அதை அப்படியே வரைந்து வைப்பாள். அழகாக இருந்ததால் குட் போட்டார். குட் வாங்கிய பிள்ளையை யாரும் எழுப்பி வாசிக்கச் சொல்லவில்லை. இனி யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கே தோன்றிய வயதில் கொரோனா வந்து பள்ளியை மூடிவிட்டார்கள். திறந்தபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். அங்கே போய் எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து அவளுடைய காலாண்டுத் தேர்வுத் தாளைத் தேடி எடுத்தேன். தாள் முழுக்க அழகான எழுத்து. வாசித்துப் பார்த்தால், வினாத்தாளில் இருந்த கேள்விகளையே மாற்றி மாற்றி எழுதி வைத்திருந்தாள். நடுவில் ஒரு கேள்வி மூன்று முறை வந்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் டிக் இருந்தது. அடியில் நாற்பத்தொன்று என்று போட்டு நான் கையெழுத்திட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து மதியத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி, யாருக்கும் தெரியாதபடி நியூஸ் பேப்பரில் அட்டை போட்டுக் கொடுத்தேன். எழுத்துகளின் உருவம் அவளுக்கு அத்துப்படி. எந்த உருவத்துக்கு எந்த ஒலி என்பதுதான் தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்தால் குழம்பிப் போவாள். கெ, கே, கொ, கோ நான்கையும் பிரித்துச் சொல்ல மூன்று வாரம் ஆனது. சில நாள் எனக்குக் கோபம் வரும். சத்தம் போடுவேன். அவள் அழமாட்டாள். விரலை எழுத்தின் மேல் வைத்தபடி நான் ஓய்வதற்காகக் காத்திருப்பாள்.

பிப்ரவரி வாக்கில் ஒருநாள் நான் வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாளை உள்ளூர் விடுமுறை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததை அவள்தான் முதலில் வாசித்து வந்து சொல்லியிருக்கிறாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நானும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பத்தாம் வகுப்பில் வேகம் போதவில்லை. ஐந்து பாடம், வாரம் தவறாமல் தேர்வு. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ஒரு கேள்வியை அவள் வாசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். இதை நான் ஒருத்தியாகச் செய்ய முடியாது, தமிழ் டீச்சருடைய பாடவேளையிலும் கொஞ்சம் நேரம் கிடைத்தால் தேவலை என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். அவள் பேரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். உதவி கிடைக்கப் போகிறது என்று நம்பித்தான் அந்த அறையை விட்டு வெளியே வந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. முந்தைய வருடம் மூன்று பேர் பெயிலானதற்காகப் புதுக்கோட்டையில் நடந்த கூட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் அவரை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைய டிசி வாங்கிக்கச் சொல்லிரலாம் டீச்சர். பிரைவேட்டா எழுதிக்கட்டும். இங்க எழுதினா நிச்சயம் பெயிலு. நீங்கதான் சொல்றீங்க, வாசிக்கத் தெரியலன்னு."

நான் சொன்னது அதற்காக இல்லை என்றேன். தெரியும் என்றார். வேறு வழி இருந்தால் சொல்லுங்க என்றும் கேட்டார். என்னிடம் வழி இல்லை. இருந்திருக்கலாம், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கூப்பிட்டு அனுப்பியதும் அவள் அம்மா கம்பெனி வேலையிலிருந்து நேரே வந்தார். விரல்கள் ஈரத்தில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமையாசிரியர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது வருசமா பாசுன்னு போட்டுத்தானே டீச்சர் அனுப்புனீங்க. வீட்டுக்கு நோட்ட கொண்டாந்து காட்டும். நானும் படிக்காதவ, எழுத்தப் பாத்துட்டு நல்லாப் படிக்குதுன்னு இருந்தேன். இப்ப ஒண்ணும் தெரியலங்கிறீங்க. இம்புட்டு வருசப் படிப்பும் எங்கிட்டுத்தான் போச்சு?"

குரலை உயர்த்தவில்லை. பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். தலைமையாசிரியர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

டிசி கொடுக்க, பெற்றோர் எழுதிக் கொடுத்ததாகக் கடிதம் வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுத்தர் ஒரு பழைய கடிதத்தை எடுத்து வைத்து, பேரை மட்டும் மாற்றி இதைப் பார்த்து எழுது என்று வாசலில் நின்ற மகளிடமே வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாதியில் பேனா நின்றது. உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சொந்... த... விருப்... பத்தின்... பேரில்."

நிமிர்ந்து என்னைக் கேட்டாள். "யாரு விருப்பம் டீச்சர்?"

ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அவள் கேட்டிருக்க மாட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். எழுத்தர் பார்த்தார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதும்மா," என்றேன்.

எழுதி முடித்தாள். அம்மா கீழே பெருவிரல் ரேகை வைத்தார். இருவரும் மைதானத்தைக் கடந்து போனார்கள். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்ததால் நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

தனித்தேர்வராக எழுத நானே விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதாக அவளிடம் சொல்லியிருந்தேன். அரையாண்டுத் தேர்வு, சிறப்பு வகுப்பு, என் மாமியாருக்கு ஆபரேஷன் என்று நாட்கள் ஓடின. நினைவு வந்து விசாரித்தபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனேன். அம்மா மட்டும் இருந்தார். திருப்பூர்ப் பக்கம் மில்லில் சேர்த்துவிட்டோம், ஹாஸ்டலிலேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேச விடுவார்கள் என்றார். என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றது. புதுக்கோட்டையில் விழா வைத்துப் பாராட்டினார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும் நின்றேன்.

ஜூனில் புதிய ஒன்பதாம் வகுப்பு வந்தது. முதல் வாரமே ஒவ்வொருவராக எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் பாதி வகுப்பு முடிந்தது. அதற்குள்ளேயே ஏழு பேர் வாசிக்காமல் நின்றார்கள். ஒருவன் மட்டும் கண் வலிக்குது டீச்சர் என்று பொய் சொன்னான். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. ஏழு பேரையும் மதியத்தில் உட்கார வைக்க முடியாது. மேலே சொன்னால் ஏழு பேரும் தலைமையாசிரியர் பேர் குறிக்கும் அந்தத் தாளில் ஏறிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் மீதிப் பேரை நான் எழுப்பவில்லை. அதற்குப் பிறகு யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை. பாடத்தை நானே சத்தமாக வாசித்துவிடுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு போர்டில் விடையை எழுதிப் போடுகிறேன், எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள்.