சித்தி நிறுத்திய ஆட்டம்

எட்டு வயதில் எனக்கிருந்த பெரிய பயம் பேயுமில்லை, பரீட்சையுமில்லை, கனடா. எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன். அம்மாவின் தங்கையான என் சித்திக்கு அங்கே ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார்.

சித்தி ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர். “டீமை விட்டிட்டு எப்பிடிப் போறது?” என்று கேட்டே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இரவில் நான் அவரைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். முந்தின இரண்டு இறுதிப் போட்டிகளிலும் அவர் அணி தோற்றிருந்ததால், இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கல்லூரி அதிபர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அம்மா, கவலைப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, “தோத்தாளெண்டால் வேலையுமில்லை, கலியாணத்தைத் தள்ளிப்போடச் சாட்டுமில்லை” என்றார். அன்றிலிருந்து தோல்வி என்றாலே எனக்குக் கனடாதான்.

இறுதிப் போட்டியன்று சித்தி என்னையும் கூட்டிப்போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பிள்ளைகள் முன்னணியில்தான் இருந்தார்கள். ஆனாலும் பந்து எதிரணியின் கைக்குப் போகும்போதெல்லாம் சித்தி விமானத்தில் ஏறுவதுபோல் இருந்தது. பாதி ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் பிள்ளை ஒருத்தி தொப்பென்று மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தாள். குடிக்கக் கொடுத்தபோது மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். சித்தி அணித் தலைவியைப் பார்த்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை அவள், அழத் தொடங்கிவிட்டாள்.

“நாங்க எல்லாரும் நோன்பு மிஸ். நேத்து ராவுல இருந்து தண்ணியும் குடிக்கல்ல. உங்கள வேலையில இருந்து நிப்பாட்டக் கூடாதுன்டுதான்.”

ஓடி விளையாடியவர்கள் மட்டுமல்ல, மாற்றுக்கு உட்கார்ந்திருந்தவர்களும்தான். கோயிலுக்குப் போகிறவர்கள், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசல் பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்து சித்திக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள். அந்த வெயிலில்!

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. பார்வையாளர் வரிசையில் அதிபர் எழுந்து நின்று, விளையாட விடும்படி கையை ஆட்டினார். நானும் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். சித்தி யாரையும் பார்க்காமல் நடுவரிடம் போனார்.

“எங்கட டீம் இனி விளையாடாது.”

மைதானமே கூவியது. கோப்பை எதிரணிக்குப் போனது. சித்தி பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி, கன்டீனிலிருந்து பணிஸ் பன்களும் பால் விடாத பிளேன்டீயும் வாங்கிவந்தார். “நான் உங்களைப் பந்தடிக்கப் பழக்கினனானா, சாகப் பழக்கினனானா?” என்று ஏசி ஏசியே தின்னவைத்தார். எனக்கும் ஒரு பணிஸ் தந்தார். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் விசயத்தைக் கேட்டதும் அம்மா போனை எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பயம் தாங்கமுடியவில்லை.

“உங்களுக்குக் கனடா போக விருப்பம், அதுதான் நிப்பாட்டினீங்கள்!” என்று சித்தியைப் பார்த்துக் கத்தினேன்.

சித்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் அது மூடப்படவில்லை. தண்ணீர்த் தாங்கி காலியாகப்போகிறது என்று அப்பா கதவைத் தட்டினார். ஒரு முகத்தைக் கழுவ இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை.