ஆயுத பூஜைக்குக் கழுவிய டேங்க்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ப் பவுடர் மில். அதன் கழிவுநீரை நல்ல தண்ணீராக்கிக் காட்டுகிறேன் என்று கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்தவன் நான். படித்த திமிர்தான், வேறென்ன.

தேங்காய் உடைத்த தண்ணீரும் பருப்பைக் கழுவின தண்ணீரும் சேர்ந்தால் ஒரு பொழுதில் புளித்துவிடும். அது மில்லின் பின்பக்கப் பள்ளத்தில் தேங்கி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் தனியாக நான்கு மாடுகளை வைத்துக் காலம் தள்ளுகிற ஒரு அக்கா. மாடுகள் கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ரோட்டோரக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அவற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனியின் திட்டத்தில் மில்காரர் ஒரு காசு போட வேண்டாம். மூடிய டேங்க்கை நாங்களே கட்டுவோம். உள்ளே கிருமிகள் கழிவைத் தின்று எரிவாயு கொடுக்கும். பவுடரைக் காயவைக்க அதுவரை தேங்காய் ஓட்டை எரித்துக்கொண்டிருந்தார்கள். அதை இங்கே தொட்டி என்பார்கள். இனி வாயுவை எரித்துக்கொண்டு, மிச்சமாகும் தொட்டியைக் கரி சுடுகிறவர்களுக்கு விற்கலாம். விற்றதில் எங்களுக்கு ஒரு பங்கு. தண்ணீர் சுத்தமாவது இலவச இணைப்பு. இதை மேடையில் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

டேங்க்குக்கு முதல் கிருமி சாணியிலிருந்துதான் வர வேண்டும். அக்காவிடம் போய்க் கேட்டேன். கிணறு தெளிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான். இரண்டு வாரம் கூடை கூடையாக அவரே சுமந்துவந்து கொட்டினார். வாயு வந்தது, நீலமாக எரிந்தது. நாலைந்து மாதத்தில் கிணற்றில் நாற்றம் குறைந்தது. ஒரு நாள் அக்கா போன் செய்தார்.

"மாடு குடிச்சுருச்சு கண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். என் தொழிலில் அதைவிட நல்ல செய்தி எனக்கு வந்ததில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஸ்பேனர் முதல் லாரி வரை எதையும் கழுவாமல் விடமாட்டார்கள். டேங்க்குக்குள் உயிர் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று மில் ஆட்களுக்குப் பல தடவை சொல்லியிருந்தேன். உயிர் இருக்கிறது என்பது மட்டும் அவர்கள் மனதில் நின்றுவிட்டது. மற்ற மெஷின்களுக்கு ஒரு கழுவல் என்றால் டேங்க்குக்கு மூன்று. மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையையும் வாய்க்காலையும் டேங்க் வாயையும் வெள்ளைவெளேரென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது நான் வாசலில் பொரிகடலை மென்றுகொண்டிருந்தேன். கழுத்தில் மாலை வேறு. பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது. பூஜை நாள் வாடை என்றே நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பிடித்தவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஆயுத பூஜை பார்க்கிறவன் நான், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வாரத்தில் தீ சுருங்கி அணைந்தது. பிளீச்சிங்கில் கிருமிகள் செத்துவிட்டன. மறுபடியும் சாணி கொட்டி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று மில்காரரிடம் போய்ச் சொன்னேன். அதற்குள் தொட்டி விலை சரிந்திருந்தது. நல்ல மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"தொட்டி வாங்க ஆளில்லீங்க. இனி அதையே எரிச்சுக்கறனுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

கிணறு என்று ஆரம்பித்தேன். அது பாவந்தானுங்க என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? ஒப்பந்தத்தை எழுதியவன் நான். அதில் வாயு இருந்தது, தொட்டி இருந்தது, கிணறு இல்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். கழிவுநீர் பழையபடி பள்ளத்தில் நின்றது. டேங்க் கெட்ட விஷயம் மில் ஆட்கள் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்குச் சாணி. உரத்துக்குக்கூட எடுக்காமல், காய்ந்துவிடக் கூடாது என்று ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்திருந்தார்.

"சேத்தி வெச்சிருக்கறேன் கண்ணு. எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"

"அடுத்த வாரம் வாரனுங்க அக்கா" என்றேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பழனிக்குப் போவதென்றாலும் உடுமலை வழியை விட்டுத் தாராபுரம் சுற்றித்தான் போகிறேன்.